கோழிக்கூண்டு இல்லாத சத்தம்

குமரேசுக் கண்ணுக்கு, உன் நங்கை எழுதுகிறேன்.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். உன் நலத்தை இனி யாரிடம் போய்க் கேட்பது?

நாங்கள் இருக்கிறோம். தறிகள் ஓடுகின்றன. கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்று வந்திருக்கிறது. இரண்டாயிரம் பிறக்கிற அன்று உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளே பேசிக்கொள்கிறார்கள். நீ இருந்தால் அவர்களை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லியிருப்பாய்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி அதுவல்ல. போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், கரண்டு இருக்கும்போதே, உன் அண்ணன் தறிகளை நிறுத்தினார். நம்புகிறாயா?

ஏன் நிறுத்தினார் என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாளைக்கு இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கலாம். தெரிந்த கதையையே சொல்கிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே.

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். கோயமுத்தூரில் பிசிக்ஸ் படித்துவிட்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். முதல் நாளே என்னிடம் வந்து, "நங்கை, ரேடியோவுக்குள்ள ஆளு இல்லாம எப்புடிங்க பேச்சு வருது?" என்று கேட்டாய். வீட்டில் மற்றவர்கள் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே நாம் ஒரு கட்சி ஆகிவிட்டோம்.

நீ வளர்ந்தாய். பகலில் தறிக்குடோனில் அண்ணனுக்குத் துணை. முகூர்த்த நாளிலும் கோயில் நோம்பி நாளிலும் கோயமுத்தூர் இசைக்குழு ஒன்றில் கிதார். "கித்தாரு அடிக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று உன் அண்ணன் கேட்பார். "குடுக்காட்டிப் போகுதுங்கண்ணா. அந்தப் பொண்ணுக்கும் காது நல்லாருக்கோணுமல்லங்க" என்பாய். பெண் பார்க்கும் பேச்சு வரும்போதெல்லாம் இப்படியே சிரித்துத் தப்பித்துக்கொண்டாய்.

பிறகு அந்த ஆம்ப்ளிபயர் வந்தது. குன்னூரில் ஏதோ ஒரு பழைய கிளப்பைக் காலி செய்தபோது வாங்கினாய். வால்வு வைத்த பழைய பெட்டி ஒன்று. அதோடு தனியாக, பீரோவைப் பாதியாக வெட்டியது போல, நாலு ஸ்பீக்கர் பொருத்திய மரக்கூடு ஒன்று. முன்னால் கம்பி வலை அடித்திருந்தது. தறி ஓட்டுகிற ராசாத்தி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க சின்னவரே, இந்தக் கோழிக்கூண்டுல எத்தனை கோழிங்க அடையும்?"

"நாலு சேவலுங்கக்கா. நாலும் ஒண்ணாக் கூவும்."

அன்று முதல் வீட்டில் எல்லோருக்கும் அது கோழிக்கூண்டுதான்.

அது கூவியது. மாடி அறையில் நீ வாசித்தால் கீழே அடுக்களையில் டம்ளர் நடுங்கும். அந்தச் சத்தத்துக்கு ஒரு கரகரப்பு இருந்தது. அழுது முடித்தவன் பேசுகிற குரல் போல. நீயே கட்டிய மெட்டுகளை ஒரு கேசட்டாகப் போட வேண்டும் என்பது உன் ஆசை. பாட்டு கிடையாது, கிதார் மட்டும். "பாட்டே இல்லாத கேசட்டை எவன் வாங்குவான்?" என்று கேட்டாலும், மைக்கும் கம்ப்யூட்டரும் வாங்கிக்கொடுத்தது உன் அண்ணன்தான்.

முதல் பதிவை எடுத்துக்கொண்டு நாம் இருவரும் கோயமுத்தூரில் ஆன்டனியின் ஸ்டுடியோவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? உன் இசைக்குழுவில் முன்பு கீபோர்டு வாசித்தவர் அவர். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "குமரேசா, கிதார் இருக்கட்டும். பின்னாடி தபலா பிரமாதம். யாரு கை?" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். "எங்கண்ணனோட தறிங்க ஆன்டனி."

அதுதான் சிக்கல். கூண்டு பாடுவதைப் பிடிக்க மைக் வைத்தால் தறியும் சேர்ந்தே விழும். ஞாயிற்றுக்கிழமை நம் தறி நின்றாலும் பக்கத்துக் குடோன் ஓடும். கரண்டு போனால் ஊரே அடங்கும். அப்போது உன் ஆம்ப்ளிபயரும் அடங்கிப்போகும். கரண்டு போன ஒரு மத்தியானம் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. "பாத்தீங்களா நங்கை, இப்ப ஊரே அமைதியா இருக்குது. நானுமல்ல அமைதியா இருக்கறேன்."

அந்த நாட்களில்தான் ஆம்ப்ளிபயர் எரிந்தது.

ஈரோட்டிலிருந்து துணி வாங்குகிற வியாபாரி வந்திருந்தார். உன் அண்ணன் அவரோடு கூடத்தில் உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருந்தார். மேலே நீ வாசித்துக்கொண்டிருந்தாய். இசைக்குழுவிலிருந்து போன் வந்தது என்று நான் உன்னைக் கீழே கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் மாடிக்குப் போனார். நீ மறுபடி ஆரம்பித்தால் வியாபாரம் கெடும், ஆனால் உன்னிடம் நிறுத்து என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சத்தத்தைக் குறைக்கிற திருகு எது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டார், நீ பார்த்துப் பார்த்து வைத்த அளவு கலைந்துபோகும் என்று. கோழிக்கூண்டுக்குப் போகிற ஒயரை மட்டும் மெதுவாக உருவிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

தறிக்காரர் மனசில் அது மிகச் சரியான காரியம். மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டால் மோட்டார் பாட்டுக்குச் சும்மா ஓடும். சுமை இல்லாத மோட்டாருக்கு ஒரு கேடும் வராது. இருபது வருஷமாகக் கையால் செய்து பார்த்த உண்மை.

நீ போன் பேசிவிட்டு மேலே போனாய். தந்தியைத் தட்டினாய், சத்தம் இல்லை. திருகை ஏற்றினாய். இன்னும் ஏற்றி, ஓங்கி அடித்தாய். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுகிற நாற்றம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்புகிற டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிருந்தது.

உன் அண்ணன் வியாபாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"நாஞ் சும்மா ஒயரைத்தானடா உருவுனேன்! பெல்ட்டைக் கழட்டுனா மோட்டாரு எரியுமா?"

"இது மோட்டாரு இல்லீங்கண்ணா. இதுக்குச் சுமை இருக்கோணும். இல்லாட்டி உள்ளுக்குள்ளயே முட்டிச் செத்துப்போயிரும்." உடனே அவர் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாய்: "உங்க மேல தப்பில்லீங்கண்ணா. ஒயரை உருவுனதுக்கு மட்டும் எரிஞ்சிருக்காது. நாந்தான் கிறுக்கனாட்டம் ஏத்தி ஏத்தி அடிச்சுப்போட்டேன்."

நீ சொன்னது உண்மை. நான் படித்த படிப்புக்கு அது எனக்கு அன்றே புரிந்தது. சும்மா விட்டிருந்தால் அது பாட்டுக்கு இருந்திருக்கும். ஏற்றி அடித்ததில்தான் போனது.

ஆனால் நம் ஊரில் உண்மையைச் சொல்லி நம்பவைப்பது எவ்வளவு சிரமம், குமரேசு! பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன், "பரவால்லீங்க, நாந்தான் காலை நீட்டிப்போட்டேன்" என்கிறான். உப்பில்லாத குழம்பை ஊற்றினால் விருந்தாளி, "உப்புக் கம்மியா இருந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்கிறான். அந்த மரியாதையிலேயே பிறந்து வளர்ந்தவர் உன் அண்ணன். நீ சொன்ன உண்மையும் அவர் காதில் மரியாதையாகத்தான் விழுந்தது.

கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கொடுத்து டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றி வாங்கி வந்தாய். குரல் மாறியிருந்தது. கரகரப்பு அடியில் இறங்கி, மேலே ஒரு தெளிவு வந்திருந்தது. நீ சந்தோஷத்தில் படி இறங்கி ஓடி வந்தாய். "அண்ணா, முன்னைக்கு இப்பத்தானுங்க நல்லாப் பேசுது!"

அவர் தலையாட்டினார். நீ போன பிறகு என்னிடம் சொன்னார். "பாத்தியா அம்மணி. என்ற மனசு நோகக் கூடாதுன்னு எப்புடிச் சொல்றான் பாரு."

"இல்லீங்க, நெசமாத்தான் சொல்றாப்பல" என்றேன்.

"நீயும் அவங் கட்சிதான" என்றார்.

எரிந்ததில்தான் உனக்கு வழியும் திறந்தது. கூண்டு இல்லாவிட்டால் ஆம்ப்ளிபயர் சாகிறது. சரி, கூண்டு இருப்பதாக அதை நம்பவைத்தால் என்ன? கூண்டு இருந்த இடத்தில் ஹீட்டர் கம்பியைச் சரியான அளவுக்கு வெட்டிச் சுற்றி, ஓட்டை போட்ட தகர டப்பாவுக்குள் பீங்கான் கட்டையில் மாட்டினாய். அது கொடுக்கிற சுமை ஸ்பீக்கர் கொடுக்கிற அளவுதான். ஆனால் பாடாது, சூடாகும், அவ்வளவே. அந்தக் கம்பியின் முனையிலிருந்து ஒரு துளி மின்சாரத்தை மட்டும் பிரித்துக் கம்ப்யூட்டருக்குள் விட்டாய். கூண்டும் இல்லை, மைக்கும் இல்லை, தறிச் சத்தமும் இல்லை. ஆம்ப்ளிபயரின் சத்தம் காற்றையே தொடாமல் எண்களாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏமாத்திப்போட்டனுங்க நங்கை" என்று டப்பாவைக் காட்டினாய். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "உன்ற பாட்டெல்லாம் இதுல சூடாகிப் போகுதா?" என்று கேட்டேன். "போகட்டுங்க. ஒரு துளி போதும்."

காதில் மாட்டிக் கேட்டபோது எனக்கு முகம் சுளித்துவிட்டது. தகரத்தில் ஆணியால் கிழிப்பது போல இருந்தது. நீ சிரித்தாய். ஸ்பீக்கரின் காகிதம்தான் அந்தக் கூர்மையை எல்லாம் விழுங்கி நமக்கு இதமாகக் கொடுக்கும், இதில் அந்தக் காகிதம் இல்லை என்றாய். "இது மாவுங்க நங்கை. இன்னும் கல்லுல ஊத்தலை. மொதல்ல எல்லாத்தையும் அரைச்சு வெச்சுக்கறேன். சுடறதைப் பொறவு பாத்துக்கலாம்."

அப்புறம் இரண்டு வருஷம் நீ அரைத்தாய். தறி ஓட ஓட, யாருக்கும் கேட்காமல். அறைக்குள் வந்தால் தந்தியின் டிக் டிக் மட்டும் கேட்கும், கொறித்துக்கொண்டிருக்கிற அணில் போல. கோழிக்கூண்டை நூல் மூட்டை அறைக்குத் தள்ளி மேலே போர்வை போட்டுவைத்தாய்.

அந்த அமைதியை உன் அண்ணன் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நீ யோசித்ததுண்டா? நான் யோசித்தேன், ஆனால் தாமதமாக. சாப்பிட உட்காரும்போது அவர் மாடிப்படியைப் பார்ப்பார். ஒரு நாள் கேட்டார், "இவன் வாசிக்கறதையே உட்டுப்போட்டானா?" நான் டப்பாவைப் பற்றி விளக்கினேன். கேட்டுக்கொண்டு, "ஊட்டுல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு பண்றான்" என்று முடித்துவிட்டார். ஒயரை உருவிய கை தன்னுடையது என்பது மட்டுமே அவருக்கு மிஞ்சியது.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, ஒரு காலையில் உன் அண்ணன் தானாகவே மாடிக்கு வந்தார். "அவன் வாசிச்சதைக் கொஞ்சம் போடேன், கேக்கலாம்" என்றார். நான் யோசிக்காமல் போட்டுவிட்டேன். உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். சில விநாடிதான். முகம் வெளுத்தது. கழற்றி வைத்தார்.

"வண்டு கத்தறாப்பல இருக்குது அம்மணி."

"இது பச்சையா இருக்குதுங்க. இதைய ஸ்பீக்கர் வழியா..."

"முந்தி எப்புடி இருக்கும்! கீழ டம்ளரு ஆடுமே! நாம் புடுங்குன ஒயருதான். கடேசி வரைக்கும் இந்தக் கெட்டுப்போன சத்தத்துலயே வாசிச்சுப்போட்டு, நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டே போயிட்டான்."

நான் சொன்னது எதுவும் அவருக்கு ஏறவில்லை. எத்தனை சொன்னாலும், நீ அன்று சொன்ன உண்மையைப் போலவே, அதுவும் ஆறுதல் என்றுதான் அவருக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷமாக அவர் மாடி ஏறவில்லை.

உன் திதி நெருங்கியபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. மாடி அறையைக் காலி செய்து நூல் வைக்கலாம், கம்ப்யூட்டரைக் குடோன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டேன். "அழிச்சுப்போடு. நாளைக்கு யாராச்சும் கேட்டுப்போட்டு, குமரேசன் இப்புடித்தான் வாசிச்சான்னு சொல்லக் கூடாது." குரல் ஏறவே இல்லை. "ரெண்டாயிரத்துல எப்படியும் அழிஞ்சு போகுமாமே" என்று தனக்குத்தானே சேர்த்துக்கொண்டார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உன் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன்னை அழிக்கச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? திதி முடியட்டும் என்று மட்டும் கேட்டேன். சரி என்றார்.

மறுநாளே கம்ப்யூட்டர் பெட்டியைச் சேலையில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு ஆன்டனியிடம் போனேன். அவர் கேட்டார். முகம் சுளிக்கவில்லை. கண் விரிந்தது. "அக்கா, லோடு போட்டு நேரா எடுத்திருக்கானா? ஊர்லயே யாரும் செய்யலையே!" தன்னிடம் இருந்த ஒரு கருவியின் வழியாக அதை ஓடவிட்டார். கூர்மை அடங்கிக் கிதார் ஆனது. நல்ல கிதார்தான். ஆனால் யாரோ ஒருவருடைய கிதார்.

"இது அவரு இல்லீங்க" என்றேன்.

"தெரியுதுக்கா. இந்தப் பெட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பேசும். அவன் கூடு இருக்குதா இன்னும்?"

எலி கடிக்காமல் இருந்தால் இருக்கும் என்றேன். அவர் ஒரு வழி சொன்னார். உன் ஆம்ப்ளிபயரை மறுபடி ஓட்டத் தேவையில்லை. அது செய்ய வேண்டிய வேலை ஏற்கெனவே பதிவுக்குள் இருக்கிறது. அந்தப் பதிவைச் சாதாரண மைக்செட் ஆம்ப்ளிபயரில் கொடுத்து உன் கூண்டுக்குள் அனுப்பினால் போதும். "அச்சு அசலா வராது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா அவனாத்தான் இருப்பான்."

செவ்வாய்க்கிழமை ஆன்டனி வந்தார். நோம்பிக்குக் கட்டுகிற மைக்செட்டை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். நூல் அறையிலேயே கூண்டின் போர்வையை எடுத்தோம். எலி தொடவில்லை. பின்னால் கொஞ்சம் பஞ்சு அடைந்திருந்தது, தட்டினோம். எல்லாம் மாட்டியாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள். பேசுவதே கேட்கவில்லை.

நான் குடோனுக்குப் போனேன். உன் அண்ணன் அறுந்த பாவு நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, சித்த நேரம் தறியை நிறுத்தோணும்."

"எதுக்கு?"

"குமரேசு வாசிக்கறதைக் கேக்கறதுக்கு."

"அதைத்தான் கேட்டாச்சே" என்று பாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நகரவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் நான் அவரிடம் தறியைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. "நீங்க கேட்டது மாவுங்க" என்றேன். "ஒருக்கா சுட்டுப்போட்டுக் கேளுங்க. அப்பவும் கெட்டுப்போன சத்தமாத்தான் இருக்குதுன்னா, நானே எங்கையால அழிச்சுப்போடறேன்."

ராசாத்தி தறியை விட்டு எட்டிப் பார்த்தாள். "நிறுத்துங்க பெரியவரே. கரண்டுக்காரன் சொன்னா நிறுத்தறீங்க, அம்மணி சொன்னா ஆகாதா?"

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நடந்துபோய்க் குடோனின் மெயினை இறக்கினார். ஒவ்வொரு தறியாக மூச்சு விட்டு நின்றது. வேலை நாளில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நம் வீடு அமைதியானதை நான் அன்றுதான் பார்த்தேன். பக்கத்துக் குடோன் மட்டும் எட்டத்தில் முனகிக்கொண்டிருந்தது.

நூல் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆன்டனி ஓடவிட்டார்.

குமரேசு, நீ வந்தாய்.

எப்படிச் சொல்வது? கரகரப்பு அடியில் இருந்தது, தெளிவு மேலே இருந்தது, நீ சொன்ன அதே மாதிரி. நூல் மூட்டைகளின் மேலிருந்து பஞ்சுத் தூசி எழும்பியது. ராசாத்தியும் மற்றவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். நீ ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து, விடாமல், விடாமல் வைத்திருந்தாயே, அந்த இடத்தில் உன் அண்ணன் நிலையிலிருந்து கையை எடுத்தார்.

முடிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆன்டனியைப் பார்த்தார்.

"இது எரிஞ்சதுக்கு முந்தி வாசிச்சதுங்களா?"

"இல்லீங்கண்ணா. லோடு டப்பா செஞ்ச பொறவுதான் இதெல்லாம். எல்லாமே பின்னாடி."

"புதுசாச் சுத்துன டிரான்ஸ்பார்மருலயா?"

"அதுலதானுங்க. பழசைவிட இதுதான் புடிச்சிருக்குன்னு எங்கிட்டயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கான். காயில் கட்டுன கடைக்காரருக்கு மாலை போடணும்னு சொல்லுவான்."

உன் அண்ணன் குனிந்து கூண்டின் கம்பி வலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவன் சொன்னது நெசமா, அம்மணி?"

"நெசந்தானுங்க."

"மரியாதைக்குச் சொல்லலையா?"

"இல்லீங்க. நல்லாருக்குதுன்னுதான் நல்லாருக்குதுன்னு சொன்னாப்பல."

அவர் ஒரு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "இன்னொருக்கா போடுங்க" என்றார். தறிகள் பொழுது சாய்ந்துதான் மறுபடி ஓடின.

இப்போது என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். அவருக்கு வேண்டியது கிடைத்தது. எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. மைக் வைத்துப் பிடித்திருந்தால், இரண்டு மெட்டுக்கு நடுவில் நீ செருமுவது விழுந்திருக்கும். நாற்காலி கிறீச்சிடுவது, "நங்கை, டீ இருக்குதுங்களா?" என்று நீ படிப்பக்கம் பார்த்துக் கத்துவது, எல்லாம் விழுந்திருக்கும். நீ அவ்வளவு சுத்தமாகப் பிடித்துவிட்டாய். தந்தியும் விரலும் மட்டும் இருக்கிறது, மூச்சு இல்லை. தறிச் சத்தத்தை வெளியே தள்ளியபோது நாங்களும் வெளியே போய்விட்டோம், தெரியுமா? குற்றமாகச் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஆன்டனி எல்லாவற்றையும் சி.டி.யில் எழுதிக் கொடுத்திருக்கிறார், மாவாகவே. ஒன்று இங்கே, ஒன்று அவரிடம். கேசட்டுக்கு வேண்டியதைக் கூண்டு முன்னால் மைக் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். மெட்டு எதற்கும் நீ பேர் வைக்கவில்லை. உன் அண்ணன் வைக்க ஆரம்பித்திருக்கிறார். ஒன்றுக்கு "ஈரோட்டு வியாபாரி" என்று பேர். நல்ல பேர்தானா, நீயே சொல். மாடி அறைக்கு நூல் வரவில்லை. கணக்குக்கு வேறு கம்ப்யூட்டர் பார்க்கிறார்கள்.

ஆனால் பழக்கம் லேசில் போகுமா? மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே கேட்டார், "நெசமா?" நேற்று சோற்றில் கை வைத்தபடி கேட்டார். இன்று காலை ஒன்றும் கேட்கவில்லை. மாடிப்படியில் பாதி ஏறி நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். அதுவும் அதே கேள்விதான்.

உனக்கு ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணு. பதிவு அழியாது, நான் பார்த்துக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய வேலை இது. அவர் எத்தனை தடவை கேட்டாலும், எந்த வேலையில் இருந்தாலும், நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, நெசந்தானுங்க என்று சொல்வேன். அவர் கேட்பதை விடுகிற வரைக்கும்.

உனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் நங்கை